தண்ணீர் குடிக்காத கட்டு

பொய்க்கு வாசனை உண்டு. என் பொய்க்குப் புளித்த கஞ்சியின் வாசனை.

போன ஜூன் மாதம் இராஜபாளையம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது அது மறுபடி வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மினி லாரி. அதில் தறியிலிருந்து இறங்கிய, இன்னும் வெளுக்காத பேண்டேஜ் துணி மூட்டை மூட்டையாக. காலையில் எழுந்து பல் துலக்காத முகம் போல மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். செங்கோட்டை ரயில் போய் முடிவதற்குள் அந்த வாசனை ஜன்னல் வழியே ஏறி வந்து, என் வலது கையில், முழங்கைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. நான் சொறிந்தேன்.

பின் இருக்கையில் வாளி, தலையணை, ஊறுகாய்ப் பாட்டில், புதுப் பாய் இவற்றுக்கு நடுவே இன்னொரு சாமான் போலச் செருகப்பட்டிருந்த என் மகள் யாழினி உடனே போனை எடுத்தாள்.

"அம்மா, அப்பா கையச் சொறியிறாரு."

"தண்ணி ஊத்திப் பாரு. நிக்குதா இறங்குதான்னு சொல்லு" என்றது ஸ்பீக்கரில் என் மனைவியின் குரல்.

இருவரும் சிரித்தார்கள். டிரைவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். இந்தச் சிரிப்புக்கு இப்போது இருபத்தெட்டு வயது. என் மகளை விடப் பத்து வயது மூத்த சிரிப்பு.

அவளைச் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தது நான் படித்த அதே கல்லூரியில். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, இரண்டு ஊரும் சொந்தம் கொண்டாடாத ஒரு பொட்டலில் அது இருந்தது. மேற்கே மலை. மலையைப் பார்க்கும் ஜன்னல்கள் அனைத்திலும் கம்பி. கூமாப்பட்டியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் முப்பத்தொரு கவிதைகளோடும் நான் அங்கே வந்து இறங்கியபோது என் கையில் முதலில் திணிக்கப்பட்ட இலக்கியம் 'விடுதி விதிகள்' என்ற சிறு கையேடு. மொத்தம் நாற்பத்திரண்டு விதிகள்.

அதை எழுதியவர் எங்கள் வார்டன், வேதியியல் பேராசிரியர் அருணாசலம் சார். உலகத்தை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி மூடிவிட முடியும் என்று நம்பியவர். சாப்பாட்டுக் கூடத்துக்குக் கைலியில் வரக்கூடாது என்பார். (அடுத்த ஆண்டுப் பதிப்பில் 'துண்டிலும்' என்று சேர்ந்திருந்தது. யாரோ முயன்றிருக்கிறான்.) டம்ளரை அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. கஞ்சி, ரசம் சாதம், ரொட்டி ஆகிய நோய் உணவு வேண்டுவோர் முந்தின நாள் மாலை ஏழு மணிக்குள் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஆகவே எங்கள் விடுதியில் காய்ச்சல்கூட முன்பதிவு செய்துகொண்டுதான் வந்தது.

வெளியே போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். வார நாளில் போக வேண்டுமானால் இரண்டே வழி. ஒன்று, நெருங்கிய உறவினர் இறந்திருக்க வேண்டும். மற்றொன்று, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நோயறை நர்ஸ் எழுதித் தர வேண்டும். முதல் வழியை நான் முதல் பருவத்திலேயே தீர்த்துவிட்டிருந்தேன். நான் சாகடித்த பெரியப்பா, பொங்கலுக்கு மறுநாள் ஒரு கட்டுக் கரும்போடு விடுதி வாசலில் வந்து நின்று, "எம் மகன் எந்த ரூமு?" என்று வார்டனிடமே விசாரித்தார். வார்டன் கரும்பை வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இன்னொரு பொய் சொன்னேன்னா ரூம் காலி. கூமாப்பட்டியில இருந்து தினம் பஸ் ஏறி வா."

கூமாப்பட்டியிலிருந்து தினம் வருவதென்றால் வத்திராயிருப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு பொட்டலில் நடை. முதல் வகுப்புக்கு வந்து சேர்கையில் மூன்றாம் வகுப்பு முடிந்திருக்கும். ரூம் போனால் படிப்பு போனது மாதிரிதான்.

அப்படிப்பட்ட நேரத்தில் அந்தத் துண்டுப் பிரசுரம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் வட்டம் நடத்தும் கவியரங்கம். வியாழக்கிழமை மாலை நான்கு மணி. பதினோரு கவிஞர்கள். பதினோராவதாக, அச்சகத்தான் மை தீர்ந்த நேரத்தில் அடித்தது போல மங்கலாக, 'மற்றும் கூமை எரிமலை'.

நான்தான். (சிரிக்க வேண்டாம். வயது பத்தொன்பது.)

என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அந்தத் தாளை எத்தனை முறை மடித்து விரித்தேனோ, மடிப்பில் எரிமலை இரண்டாகப் பிளந்துவிட்டது. வார்டனிடம் போய் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"கவிதை வியாதியா?"

"இல்ல சார்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எந்த விதியில வருது?"

நான் மலையைப் பார்த்தேன். மலை எந்த விதியிலும் வராமல் சும்மா இருந்தது.

அறைக்கு வந்து படுத்தேன். என் அறைத்தோழன் தாமோதரன், சத்திரப்பட்டிக்காரன். வீட்டிலேயே பேண்டேஜ் துணித் தறி ஓடியது. பேச்சு தமிழில், பயம் வந்தால் மட்டும் வீட்டு மொழியான தெலுங்குக்கு ஓடிப்போவான். அவன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்:

"ஏலே, வியாதியாயிரு. காச்சல் வேணாம், சிஸ்டர் தெர்மாமீட்டர் வச்சிருவாவ. வயித்துவலியும் வேணாம், அந்த வெள்ளை மருந்தக் குடிச்சா நெசமாவே வந்துரும். கை ஒடஞ்சிருச்சுன்னு வையி. உள்ள எலும்ப யாரு பாக்கப் போறா?"

"கட்டு?"

அவன் என்னை, கடலில் இருந்துகொண்டு உப்புக்கு எங்கே போவது என்று கேட்டவனைப் போலப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய்விட்டு, டிபன் கேரியரின் மூன்று அடுக்கிலும் துணியை அடைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். திறந்ததும் புளித்த கஞ்சி வாசனை முகத்தில் அடித்தது.

"என்னலே இது மஞ்சளா இருக்கு?"

"தறியில இருந்து நேரா அறுத்தது. பாக்கெட் போட்டதெல்லாம் என்னைக்கு நெய்ஞ்சதோ! இது ஃப்ரெஷ்ஷு."

கத்தரிக்காய் விஷயத்தில் சரியாக இருந்த ஒரு நியாயத்தை நாங்கள் பேண்டேஜுக்கும் பொருத்தினோம். அவன் வீட்டில் நெய்வதோடு சரி. துணியை மூட்டையாகக் கட்டி வெளுப்பதற்கு வேறிடம் அனுப்பிவிடுவார்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று அவன் அதுவரை கேட்டதில்லை. "வெளுக்கிறது சும்மா பார்வைக்கு" என்றான். தமிழ்நாட்டுக்கே காயம் கட்டும் ஊரில் பிறந்த ஒருவன் சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பது? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஆட்டின் முன்னிலையில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை என்னைச் சுற்றினான். ஆடு துணியை முகர்ந்தது, ஒரு ஓரத்தை மென்றது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நோயறை நர்ஸ் மரியபுஷ்பம் சிஸ்டர். குரலில் கண்டிப்பும் கையில் இளக்கமும் கொண்டவர். திங்கட்கிழமை காலையில் என் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருலே கட்டுனா?"

"பஸ் ஸ்டாண்டுல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர். பக்கத்துல ஒரு டாக்டர் கட்டுனாவ. வியாழக்கிழமை மத்தியானம் வந்து காட்டச் சொன்னாவ."

"என்ன மஞ்சளா இருக்கு?"

"மருந்து போட்டிருக்காவ."

"கட்டு நல்ல இறுக்கமா இருக்கு. கட்டுன டாக்டர்தான் பிரிக்கணும், நான் தொடமாட்டேன்" என்று அனுமதிச் சீட்டில் தேதியை எழுதினார். தாமு ஜன்னலுக்கு வெளியே நின்று கட்டைவிரலைக் காட்டினான்.

பொய் சொல்வது எளிது. நாலு நாள் அதை உடம்பில் கட்டிக்கொண்டு திரிவதுதான் கஷ்டம்.

திங்கள் மதியம் சாப்பாட்டுக் கூடம். இருநூறு பேர். இடது கையால் சோற்றைத் தொட்டேன். மெஸ் மாஸ்டர் பூவலிங்கம் அண்ணன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். உத்தரத்தில் தலை இடிக்கும் உயரம். சாம்பார் அண்டாவை ஒரு கையால் இறக்குகிறவர்.

"எடது கையாலயா? நான் செத்தா போயிட்டேன்?"

என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்து தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தார்.

"வாயத் தொறங்க கவிஞரே. ஆ..."

"அண்ணே, வேணாம்ணே, ஸ்பூன்..."

"ஸ்பூனு உப்புக்கு மட்டுந்தான். ஆ காட்டுங்க."

இருநூறு பேரும் சேர்ந்து "ஆ..." என்றார்கள். எரிமலை வாயைத் திறந்தது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் இதே கூத்து. நான் வருவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். "இன்னும் ஒரு உருண்டை. நல்லாத் தின்னாத்தான் எலும்பு கூடும்" என்று அண்ணன் என் கன்னத்தைத் துடைத்துவிடுவார். என் தாய்கூட எனக்கு அவ்வளவு ஊட்டியதில்லை.

செவ்வாய் அரிப்பு தொடங்கியது. புதன் எறும்பு வந்தது. தறித் துணியில் ஏறிய கஞ்சியைத் தேடி, சிற்றெறும்புகள் கட்டிலின் காலில் ஏறி, என் தோளில் இறங்கி, வரிசை பிடித்து உள்ளே போயின. நான் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தேன். கவிஞன் என்றால் துன்பம் உண்டு என்று படித்திருந்தேன். எறும்பு என்று யாரும் எழுதவில்லை.

இதற்கிடையே இன்னொரு சிக்கல். ஆஸ்பத்திரி அனுமதியில் போகிறவன் பையில் சீட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. (சினிமாவுக்கு மாற்றுச் சட்டை கொண்டுபோனவர்களால் வந்த விதி.) வாசலில் தடவிப் பார்ப்பார்கள். கவிதையை எப்படிக் கொண்டுபோவது? தாமு அதையும் தீர்த்துவைத்தான். தாளை நீளவாக்கில் மடித்து, கட்டின் நாலாவது சுற்றுக்கு அடியில் செருகினான்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. தலை சீவி, நோயறைக்குப் போனேன். வாசலில் தாமு. உள்ளே பொன்னுக்கு வீங்கியோடு இரண்டு பேர், காய்ச்சலோடு ஒருவன். கையெழுத்துப் போட வந்திருந்த வார்டன் நாற்காலியில்.

சிஸ்டர் என் கையைப் பார்த்தார். ஓர் எறும்பு வெளியே வந்து அவரைப் பார்த்தது.

"எய்யா, இதென்ன எறும்புப் புத்தாட்டம்? இந்தக் கோலத்துல டாக்டர்கிட்டப் போனா, காலேஜுல நர்ஸு இருக்காளா செத்தாளான்னு கேப்பாவ. மேல் சுத்த மட்டும் மாத்தி விடுதேன். செத்த நேரம் உக்காரு."

"வேணாம் சிஸ்டர், டாக்டர்தான் பிரிக்கணும்..."

"சும்மா இருலே."

கட்டு தோலோடு ஒட்டியிருக்கும், நனைத்தால் வலிக்காமல் வரும் என்று ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, பஞ்சால் ஒரு சொட்டு விட்டார்.

சொட்டு உள்ளே இறங்கவில்லை.

துணியின் மேல் முத்து போல உருண்டு நின்றது. அதில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் மலை தெரிந்தது. அவ்வளவு அழகான ஒரு துளியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

சிஸ்டர் இன்னொரு சொட்டு விட்டார். அதுவும் நின்றது. மூன்றாவது உருண்டு வார்டனின் செருப்பில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரவிய துணி பிளீச்சிங்ல இருவது வருசமா இருக்காவ" என்றார் சிஸ்டர் மெதுவாக. "பேண்டேஜுன்னா சொட்டு விட்ட ஒடனே குடிக்கணும். குடிக்கலேன்னா அது காடாத் துணி. தலகாணிக்குக்கூட ஆவாது. இத எந்த ஊரு டாக்டர்லே கட்டுனாரு?"

ஜன்னலுக்கு வெளியே "சச்சான்ரா!" என்று ஒரு குரல் கேட்டது. (செத்தேன் என்று பொருள். தாமு தெலுங்குக்குப் போய்விட்டான்.)

வார்டன் எழுந்தார். என் ரூம் போனது, படிப்பு போனது, எரிமலை அவிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. துளியைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி போலப் பிடித்தார்.

"அற்புதம்" என்றார்.

"சார்?"

"பஞ்சு மேல இயற்கையாவே ஒரு மெழுகு உண்டு. அதுக்கு மேல நூலுக்குக் கஞ்சி வேற போட்டிருக்கான். காஸ்டிக் சோடாவுல கொதிக்க வச்சாத்தான் இது போகும். போன வாரம் இதத்தான் பாடமா நடத்தினேன், ஒருத்தனுக்கும் புரியல. சிஸ்டர், கொஞ்சம் சோப்புத் தண்ணி குடுங்க! ஏய் பொன்னுக்கு வீங்கி, ரெண்டு பேரும் எந்திரிச்சு வாங்க!"

என் கை பாடப்பொருளானது. வெறும் தண்ணீர், சோப்புத் தண்ணீர், வெந்நீர் என வரிசையாகச் சொட்டினார். காய்ச்சல்காரன் குறிப்பெடுத்தான். தாமுவை உள்ளே இழுத்து, "உங்க வீட்டுல பாவு நூலுக்கு என்னடா பசை?" என்று கேட்டார். குற்றவாளி நான், சாட்சி நான், சோதனை மேசையும் நான்.

பாடம் முடிந்ததும் சிஸ்டர் பிரிக்கத் தொடங்கினார். தாமு சிக்கனம் அறியாதவன். துணி வந்துகொண்டே இருந்தது. அவர் பின்னால் நடந்து வாசலைத் தாண்டினார். வராந்தாவில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. பூவலிங்கம் அண்ணன் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். ஒரு சுற்றில் தாள் நழுவி விழுந்தது. அத்தனை தண்ணீர் ஊற்றியும் ஓர் எழுத்துகூட நனையவில்லை.

சிஸ்டர் எடுத்து, பைபிள் வாசிக்கிற குரலில், உரக்க வாசித்தார்:

"'என் காயங்கள்
கண்ணுக்குத் தெரியாதவை.
உலகே, அவிழ்த்துப் பார்!'"

சிஸ்டர் என் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"அவுத்துப் பாத்தாச்சுய்யா. எனக்கும் ஒண்ணும் தெரியல."

அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. பூவலிங்கம் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "பத்து வேளை ஊட்டிவிட்டேனே பாவி" என்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

வார்டன் கவிதையைச் சான்றாகப் பையில் வைத்துக்கொண்டார். "ரூமக் காலி பண்ணு" என்று வாயைத் திறக்கும் நேரத்தில் சிஸ்டர் என் கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செக்கச் செவேலென்று தடித்துப் போயிருந்தது.

"சார், கஞ்சி ஒத்துக்கிடல, எறும்பும் கடிச்சிருக்கு. எங்கிட்ட ஊதா மருந்து ஒண்ணுதான் இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவணும்."

"இவன் வியாதி பொய்யாச்சே!"

"பொய்யில இருந்து வந்த நெசம் சார்."

வார்டன் தன் கையேட்டையே எடுத்துப் புரட்டினார். நோய் உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எந்த விதியும் இல்லை. தன் விதியைத் தானே மீறத் தெரியாத மனிதர். "போயிட்டு வா. பொறவு ரூமப் பத்திப் பேசிக்கிடலாம்" என்று கையெழுத்துப் போட்டார். துணைக்கு சிஸ்டர்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கை முழுக்க ஊதா மருந்தைப் பூசி, ஒரு கத்தரிக்காயாக என்னை வெளியே விட்டார்கள். மணி நாலரை தாண்டியிருந்தது. கவியரங்கம் இரண்டு தெரு தள்ளித்தான். நான் அந்தத் திசையைப் பார்த்தேன். பார்த்ததை சிஸ்டர் பார்த்தார்.

"கவிதைதான் வார்டன் பையில இருக்கே. போயி என்னத்தச் சொல்லுவ?"

"தெரியல சிஸ்டர்."

"பத்து நிமிசம். நானும் வாரேன். பொய்யி கிய்யி சொன்னியோ, எந்திரிச்சுப் போயிருவேன்."

'மற்றும் கூமை எரிமலை' என்று கூப்பிட்டபோது பத்துக் கவிஞர்களும் பன்னிரண்டு பார்வையாளர்களும் இருந்தார்கள். ஊதாக் கையோடு மேடை ஏறினேன். என் கவிதை எனக்கே ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. முதல் வரிசையில் சிஸ்டர், மடியில் கைப்பை, நோயாளி மாத்திரை விழுங்குகிறானா என்று பார்க்கும் அதே பார்வை. வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். வார்டன், டிபன் கேரியர், ஆடு, உருண்டை, எறும்பு, துளி. எதுகை இல்லை, மோனை இல்லை. "நாலு கெசத் துணி" என்று நான் சொன்னபோது முதல் வரிசையிலிருந்து, "நாலு இல்லய்யா, ஆறு. நாந்தான பிரிச்சேன்!" என்று திருத்தம் வந்தது. கவியரங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு முன் வாசித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் அவர் கண் கலங்கவில்லை.

நான் கவிதையை விட்டு உரைநடைக்கு ஓடி வந்தது அன்றைக்குத்தான். எரிமலையும் அங்கேயே இறங்கிக்கொண்டது.

விடுதிக்குத் திரும்பியதும் வார்டன் அழைத்தார்.

"மேடையில என்ன சொன்னான்?"

"நடந்தத அப்படியே சொன்னான் சார்" என்றார் சிஸ்டர். "துணியோட நீளந்தான் தப்பு. அத நான் திருத்திட்டேன்."

வார்டன் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன் நகர்த்தினார்.

"உக்காரு. நாப்பத்து மூணாவது விதி எழுதணும். நீதான் தமிழ் நல்லா எழுதுவியே."

இடது கையால் எழுதினேன். 'வெண்ணிலவை ஒத்த வெளுத்த கட்டுகளே' என்று ஆரம்பித்தேன். "நிலா எதுக்கு?" என்று அடித்தார். மூன்று முறை அடித்த பிறகு மிஞ்சியது ஒரே வாக்கியம். ரூம் பிழைத்தது. அதற்கு விலையாக ஒரு மாதம் நோயறைக்குக் கஞ்சி தூக்கினேன். பூவலிங்கம் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றிக் கொடுப்பார். இருபதாவது நாள், "கை தேவலையா?" என்றார். போதுமாயிருந்தது.

தாமு இப்போது வெளுப்பு ஆலை வைத்திருக்கிறான். என் திருமணத்துக்கு அவன் தந்த பரிசு ஆறு கெசம் பேண்டேஜ். ஏன் என்று கேட்ட என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லித் தொலைத்தான். அன்று முதல் நான் தலைவலி என்றால் நெற்றியில் ஒரு சொட்டு விழும். "நிக்குது, பொய்" என்பாள் அவள். போன வருடம் மூட்டு வலிக்கு டாக்டரிடம் போனபோது அவரிடமும், "சொட்டு விட்டுப் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டாள்.

விடுதி அலுவலகத்தில் யாழினி கையேட்டை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். விதிகள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டன. செல்போன் பற்றி ஒன்று, சார்ஜர் பற்றி இரண்டு. ஆனால் நாற்பத்து மூன்று அங்கேயே இருந்தது: 'வெளியில் கட்டப்பட்ட எந்தக் கட்டும் நீர்ச் சோதனைக்கு உட்பட்டது.'

"அப்பா, நீங்க எழுதுனதுலயே இதுதான் அதிகப் பதிப்பு வந்திருக்கு" என்றாள்.

உண்மைதான்.

வாளியையும் பாயையும் மேலே ஏற்றிவிட்டு, கம்பி ஜன்னலில் மலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெஸ் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாசலில் நின்றேன். பெற்றோர் கிளம்பலாம் என்று மணி அடித்தது. நான் அழ மாட்டேன் என்று காரிலேயே சொல்லியிருந்தேன். அவள் தோளில் கைவைத்துக் குனிந்தபோது ஒரு சொட்டு அவளுடைய பருத்தித் துப்பட்டாவில் விழுந்தது.

அவள் அதையே உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"இறங்கிருச்சுப்பா. நெசந்தான். கெளம்புங்க."